டெல்லியில் 'காலாவதி', இங்கே 'நல்ல கண்டிஷன்': குடும்பத்துக்குப் பழைய எஸ்யூவி வாங்கலாமா?

கையில் ஐந்து லட்சம் ரூபாய். வீட்டில் கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை, ஒரு கைக்குழந்தை, தாத்தா, பாட்டி என ஆறு பேர். புது வண்டி என்றால் இந்தப் பணத்துக்குச் சின்ன ஹேட்ச்பேக்தான் கிடைக்கும். அதில் ஆறு பேர் ஏற முடியாது. அதே பணத்துக்குப் பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய ஒரு பெரிய செவன் சீட்டர் டீசல் வண்டி வாசலுக்கே வந்து நிற்கிறது. புதிதாக வந்தபோது அதன் விலை பதினைந்து லட்சத்துக்கு மேல். யாருக்குத்தான் ஆசை வராது?

தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடக்கும் பேச்சு இது. கடந்த ஒன்றிரண்டு வருடங்களில் வந்த சில முடிவுகள் இந்தக் கணக்கை நிறையவே மாற்றியிருக்கின்றன. டெல்லியில் பழைய டீசல் வண்டிகள் மீதான கெடுபிடி, 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜிஎஸ்டி குறைப்பு, பழைய வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க உயர்த்தப்பட்ட கட்டணம் ஆகியவற்றைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், மிச்சம் பிடித்த பணம் இரண்டே வருடத்தில் ஆர்டிஓ ஆபீசிலும் மெக்கானிக் ஷெட்டிலும் போய்விடும்.

டெல்லி வண்டி ஏன் இவ்வளவு மலிவு?

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில், டெல்லி மற்றும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் பகுதியில் 10 வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று உத்தரவிட்டது. பெட்ரோல் வண்டிக்கு வரம்பு 15 வருடம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு டெல்லி பங்குகளில் பெட்ரோல், டீசல் போடக் கூடாது என்று வந்த உத்தரவு பெரிய எதிர்ப்பைக் கிளப்பி, சில நாட்களிலேயே தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12-ம் தேதி, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது.

இவ்வளவு குழப்பத்துக்கு நடுவே டெல்லிக்காரர் என்ன செய்வார்? எப்போது என்ன உத்தரவு வருமோ என்ற பயத்தில் வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடப் பார்ப்பார். அப்படித்தான் எட்டு, ஒன்பது வருட எஸ்யூவிகள் பல வருடங்களாகத் தெற்கு நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. கடலோரக் காற்று படாததால் அடிப்பகுதியில் துரு குறைவு என்று வியாபாரிகள் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால் டெல்லியில் ஒரு வண்டிக்கு விலை குறைந்தது அங்குள்ள சட்டத்தால். இங்கே கொண்டுவந்ததும் அந்தக் காரணம் மறைந்துவிடும், இன்னும் பத்து வருடம் ஓட்டலாம் என்று விற்பவர் சொல்வதில் பாதிதான் உண்மை. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டிகளுக்கு டெல்லியைப் போல 10 வருடத் தடை இல்லை, அது சரி. ஆனால் வண்டியின் பதிவு முதன்முதலாகப் பதிவான நாளிலிருந்து 15 வருடத்துக்குத்தான். மாநிலம் மாறினால் அந்தக் கடிகாரம் திரும்பப் பூஜ்ஜியத்திலிருந்து ஓடாது. 2014-ல் டெல்லியில் பதிவான வண்டிக்கு 2029-ல் எஃப்.சி காட்டியே ஆக வேண்டும்.

இங்கே கொண்டுவந்தால் என்ன செலவு?

வெளிமாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. அதற்கு முதலில் பழைய ஆர்டிஓவிடம் இருந்து என்.ஓ.சி வேண்டும். லோன் பாக்கி இருந்தால் அதை முடித்து ஆர்.சி-யில் இருந்து வங்கியின் பெயரை எடுக்க வேண்டும். பிறகு இங்குள்ள ஆர்டிஓவில் வண்டியைக் காட்டி, வரி கட்டி, 'டிஎன்' நம்பர் வாங்க வேண்டும்.

அந்த வரியில்தான் பலரும் அதிர்ச்சி அடைகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு புதிய காருக்கான ஆயுள் வரி, விலை 5 லட்சம் வரை என்றால் 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்து இது குறையும். ஆனால் கணக்கு தொடங்குவது வண்டியின் அசல் விலையில் இருந்து; இன்று நீங்கள் பேசி முடித்த விலையில் இருந்து அல்ல. ஐந்து லட்சத்துக்கு வாங்கிய வண்டிதானே, வரி என்ன பெரிதாக வந்துவிடும் என்று நினைத்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆர்.சி நகலோடு உள்ளூர் ஆர்டிஓவில் கேட்டு, வரித் தொகையைத் தெரிந்துகொண்டு, அதையும் வண்டி விலையில் சேர்த்துப் பார்ப்பதுதான் சரி.

"நம்ம ஊர்ல அதெல்லாம் யாரு சார் கேக்குறாங்க, அப்படியே ஓட்டுங்க" என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. நெடுஞ்சாலையில் தணிக்கை நடக்கும் நாளில் அவர் போனை எடுக்க மாட்டார்.

இன்னொன்று. டெல்லியில் பதிவு ரத்தான வண்டியா என்பதை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ நம்பரைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஆர்.சி நிலை 'ஆக்டிவ்' என்று இல்லாத வண்டியை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், தொட வேண்டாம். என்.ஓ.சி கைக்கு வராமல் முழுப் பணமும் கொடுக்க வேண்டாம்.

15 வருடம் முடிந்த பிறகு?

வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுவது தவறு. எஃப்.சி காட்டித் தேறினால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். ஆனால் மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 600 ரூபாயில் இருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 வருடத்தைத் தாண்டிய காருக்கு அது 10,000 ரூபாய். மாநிலத்தின் பசுமை வரி தனி. அதோடு, எஃப்.சி-க்கு நிற்கும் முன் பெயின்ட், டிங்கரிங், டயர், லைட், புகை என்று வண்டியைத் தயார் செய்யும் செலவு அரசுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு ஆகும். அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

ஆகவே 13 வருட வண்டியை வாங்குபவர் உண்மையில் வாங்குவது இரண்டு வருடப் பதிவும், அதற்குப் பிறகு ஒரு பரீட்சையும். விலை பேசும்போது இதைச் சொல்லிக் குறைக்கச் சொல்வதில் தப்பே இல்லை.

பெரிய வண்டி என்றால் பாதுகாப்பா?

குடும்பத்துக்கு எஸ்யூவி வாங்குவோர் சொல்லும் முதல் காரணம் இதுதான். "உயரமா இருக்கு, கனமா இருக்கு, இடிச்சாலும் நமக்கு ஒண்ணும் ஆகாது." இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த முடிவில் பணத்தைவிடப் பெரிய விஷயம் இதுதான்.

2016 மே மாதம் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற சில கார்களை மோதல் சோதனைக்கு உட்படுத்தியது. அதில் ஏர்பேக் இல்லாத மகிந்திரா ஸ்கார்ப்பியோவும் ஒன்று. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அதற்குக் கிடைத்தது பூஜ்ஜியம் ஸ்டார். அதே சுற்றில் பூஜ்ஜியம் வாங்கிய சின்ன ரெனோ க்விட்டுக்கும் அந்தக் கனமான வண்டிக்கும் அந்த மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. அதே நிறுவனத்தின் ஸ்கார்ப்பியோ-என் 2022-ல் ஐந்து ஸ்டார் வாங்கியது. நடுவில் ஆறே வருடம்தான். தரம் தலைகீழாக மாறிவிட்டது. பழைய வண்டி வாங்குபவர் அந்த மாற்றத்துக்கு எந்தப் பக்கம் இருக்கும் வண்டியை வாங்குகிறார் என்பதுதான் கேள்வி.

இதற்குச் சில தேதிகளை நினைவில் வைத்தால் போதும். கார்களில் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரல் முதல். டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலை முதல். பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் 2021-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் இவையெல்லாம் டாப் மாடலில் மட்டும் இருக்கும்; கீழ் மாடல் வாங்கியவருக்கு இருக்காது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி. பின்னால் எழுதியிருக்கும் மாடல் ஸ்டிக்கரைக்கூட மாற்றி ஒட்டிவிடுவார்கள். அதனால் சேஸி நம்பரைக் கொடுத்து, எந்த வேரியன்ட், எத்தனை ஏர்பேக் என்று அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்பதே உறுதியான வழி. சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், ஏர்பேக் வெடித்த வண்டியில் பல்பைக் கழற்றிவைத்திருக்கிறார்களா என்று சந்தேகப்படுவது நல்லது.

உயரத்துக்கும் ஒரு விலை உண்டு. வண்டி உயரமாக இருந்தால் அதன் எடையும் மேலே இருக்கும். சட்டென்று ஒடித்துத் திருப்பினால் கவிழும் வாய்ப்பு தாழ்வான காரைவிட அதிகம். ஏழு பேரை ஏற்றி, மேலே கேரியரில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கொடைக்கானல் மலை இறங்குவதை நினைத்துப் பாருங்கள். இன்றைய வண்டிகளில் கவிழ்வதைத் தடுக்க உதவும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு பழைய எஸ்யூவிகளில் பெரும்பாலும் விலை கூடிய மாடல்களில் மட்டுமே இருந்தது.

கடைசி சீட்டில் யார் உட்காருவார்கள்?

செவன் சீட்டர் வாங்குவதே மூன்றாவது வரிசைக்காக. ஆனால் ஷோரூமிலோ புரோக்கரிடமோ போகிறவர்கள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கடைசி வரிசையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

பழைய பொலேரோ, ஸ்கார்ப்பியோ, சுமோ போன்றவற்றின் பல மாடல்களில் பின்பக்கம் எதிரெதிராகப் பார்த்த சீட்டுகள் இருக்கும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், விளையாடிக்கொண்டே வரலாம். மோதல் நடந்தால் உடம்பு பக்கவாட்டில் தூக்கி எறியப்படும். பெல்ட்டும் பெரும்பாலும் இருக்காது. குழந்தைகளை உட்காரவைக்க ஒரு வண்டியிலேயே மோசமான இடம் அதுதான். அந்த சீட் உள்ள வண்டியை, ஆறு பேருள்ள குடும்பம் நாலு பேர் வண்டியாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

முன்பக்கம் பார்த்த சீட்டாக இருந்தாலும், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் உண்டா, தலைக்குப் பின்னால் தாங்கும் ஹெட்ரெஸ்ட் உண்டா, அது பிள்ளையின் தலை உயரத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பல பழைய மாடல்களில் கடைசி வரிசைக்கு இடுப்பு பெல்ட் மட்டுமே. அந்த வரிசைக்கும் பின் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான். பின்னால் இருந்து லாரி இடித்தால் அந்த ஒரு சாண்தான் தடுப்பு.

குழந்தை சீட்டின் கதையும் இதோடு சேர்ந்தது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் பயணித்தால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. குழந்தை சீட்டை வண்டியின் சட்டத்தோடு கொக்கி போட்டு மாட்டும் ஐசோஃபிக்ஸ் வளையம் பழைய வண்டிகள் பலவற்றில் கிடையாது. பெல்ட்டை வைத்தே கட்டும் குழந்தை சீட்டுகளும் கிடைக்கின்றன. ஆனால் அதற்கு மூன்று முனை பெல்ட் வேண்டும், அதுவும் இரண்டாவது வரிசையில். ஒரு குழந்தை சீட்டை அங்கே வைத்த பிறகு அந்த வரிசையில் நிம்மதியாக இன்னும் இரண்டு பேர்தான். அப்படியென்றால் தாத்தாவோ பாட்டியோ கடைசி வரிசைக்குப் போக வேண்டும். முட்டி வலிக்காரர் சீட்டை மடக்கி, குனிந்து, உள்ளே நுழைய முடியுமா? வண்டி பார்க்கப் போகும்போது குழந்தை சீட்டையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போவது, பத்து யூடியூப் ரிவ்யூ பார்ப்பதைவிட மேல்.

டீசலா, பெட்ரோலா?

2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 கட்டாயமானது. பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வண்டி கொஞ்ச நேரம் வேகமாக ஓட வேண்டும். தினமும் பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். மாற்றும் செலவு பெரிது. வாரம் ஒருமுறையாவது பைபாஸில் ஓட்டுபவருக்குச் சரி, ஊருக்குள்ளேயே சுற்றுபவருக்கு வேண்டாம். பிஎஸ்-4 டீசலில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அது நாளைக்கு இங்கே எந்த விதி வந்தாலும் முதலில் மாட்டும்.

பழைய பெட்ரோல் வண்டி என்றால் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் ஒரு பேச்சு. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே, இ10-க்காக வடிவமைத்து இ20-க்கு ஏற்பச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 1 முதல் 2 சதவீதமும், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதமும் குறையலாம் என்று சொன்னது. பழைய வண்டியில் ரப்பர் குழாய், கேஸ்கட் சிலவற்றை முன்கூட்டியே மாற்ற வேண்டி வரலாம் என்றும் சொன்னது. இதற்காக வண்டியே வேண்டாம் என்று பயப்பட வேண்டியதில்லை. மைலேஜ் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும்.

அந்த மைலேஜ் கணக்கையும் போட்டுவிடலாம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் வீடு என்று வைத்துக்கொள்வோம். பெரிய டீசல் எஸ்யூவி லிட்டருக்கு 11 கொடுத்தால் சுமார் 91 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 8,370 ரூபாய் வரும். சின்ன பெட்ரோல் கார் 17 கொடுத்தால் சுமார் 59 லிட்டர். 101 ரூபாய் வீதம் 5,950 ரூபாய். மாதம் 2,400 ரூபாய் வித்தியாசம், வருடத்துக்கு 29,000. இது வெறும் எண்ணெய்ச் செலவு. நாலு டயர் மாற்றினாலே பெரிய வண்டிக்குச் சின்னக் காரைவிட இரண்டு பங்கு ஆகும் என்பதையும் பக்கத்தில் எழுதிவைக்கலாம்.

இன்சூரன்ஸிலும் இதே கதை. 2022 ஜூனில் இருந்து நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,000 சிசி-க்குள் உள்ள காருக்கு வருடத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாய். 1,500 சிசி-க்கு மேல் 7,897 ரூபாய். பழைய வண்டிக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசி கிடைப்பது அரிது, அதனால் ஒரு சின்ன இடிக்கே பாதிச் செலவு நம் கையில் இருந்துதான் போகும்.

புது வண்டி விலை குறைந்ததே, அதைப் பார்க்கக் கூடாதா?

பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22-க்கு முன் பெரிய எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 50 சதவீதம் வரை வரி இருந்தது. இப்போது 40 சதவீதம், செஸ் இல்லை. நாலு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலில் 1,200 சிசி அல்லது டீசலில் 1,500 சிசி-க்குள் இன்ஜினும் உள்ள வண்டிகளுக்கு 18 சதவீதம். நாலு மீட்டருக்குள் ஏழு சீட் வைத்திருக்கும் ரெனோ ட்ரைபர் போன்ற வண்டி இந்தக் குறைந்த வரிக்குள் வருகிறது. 2021-ல் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கு நாலு ஸ்டார் வாங்கிய வண்டி அது. எஸ்யூவியின் கம்பீரம் அதில் இல்லைதான். ஆனால் நாலைந்து வருடம் ஓடிய அப்படியொரு வண்டி, பன்னிரண்டு வருட டீசல் யானையைவிட ஒரு வளரும் குடும்பத்துக்குப் பல வகையில் பொருந்தும்.

புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்க வேண்டும். பழைய விலையையே சொல்லும் வியாபாரியிடம் இதைச் சொல்லிப் பேரம் பேசலாம். பதிவுபெற்ற டீலரிடம் வாங்கினால், அவர் வைக்கும் லாபத்தின் மேல் மட்டும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 4 லட்சத்துக்கு வாங்கி 4.6 லட்சத்துக்கு விற்றால், வரி 60,000 ரூபாய்க்குத்தான். தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் இந்த வரியே இல்லை. மொத்த விலைக்கும் ஜிஎஸ்டி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொரு கேள்வியையும் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்: வருடத்தில் எத்தனை நாள் ஆறு பேரும் ஒன்றாகப் போகிறோம்? குலதெய்வம் கோயில், ரெண்டு கல்யாணம், கோடை லீவு என்று பன்னிரண்டு நாள்தான் தேறும் என்றால், ஒரு நாளைக்கு 5,000 வீதம் வாடகை வண்டி எடுத்தாலும் 60,000 ரூபாய். மீதி 353 நாளும் காலி சீட்டுகளைச் சுமந்துகொண்டு பெரிய வண்டி ஓட்டுவதற்கு அது ஒன்றும் அதிகமில்லை. ஆனால் பாட்டிக்கு வாராவாரம் டயாலிசிஸ், அல்லது இரண்டு குடும்பம் ஒரே வீட்டில் என்றால் கதையே வேறு. அப்போது பெரிய வண்டி தேவைதான்.

தேவைதான் என்று முடிவானால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் கிலோமீட்டர். 2013 வண்டி 58,000-தான் ஓடியிருக்கிறது என்றால் மகிழ்ச்சி அடைவதற்கு முன் பிரேக் பெடல் ரப்பரையும் ஸ்டியரிங் தேய்மானத்தையும் பாருங்கள். மீட்டரைத் திருப்பலாம், பெடலை யாரும் மாற்றுவதில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொன்னால், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் ஆனது என்பது தெரியும். இன்னோவா போன்ற வண்டிகளில், டி-போர்டில் பல லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டு ஓன் போர்டாக மாறிய வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய ஒயர்த் தடம், மஞ்சள் பெயின்ட் மீதி இருக்கிறதா என்று நம்பர் பிளேட் சுற்றிலும் பாருங்கள்.

அடுத்து தண்ணீர். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம் என்று எத்தனையோ வண்டிகள் மூழ்கின. கழுவித் துடைத்து வாசனை அடித்தால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தங்கியிருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். மூழ்கிய வண்டியில் இன்ஜினைச் சரி செய்துவிடலாம், ஒயரிங் வருடக் கணக்கில் தொல்லை கொடுக்கும்.

வண்டியைக் காலையில், இன்ஜின் ஆறிப்போயிருக்கும் நேரத்தில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் இன்ஜெக்டரையோ டர்போவையோ பார்க்க வேண்டும். டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண், '2318' என்று இருந்தால் 2018-ன் 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். பொத்தல் இல்லாத டயராக இருந்தாலும் ஆறேழு வருடம் ஆகியிருந்தால் மாற்றும் செலவைப் பேரத்தில் கழித்துக்கொள்ளலாம். தெரிந்த மெக்கானிக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப்போவது வீண் செலவு இல்லை. ஆனால் அவர் அதே புரோக்கரின் ஆளாக இருக்கக் கூடாது.

பிராண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. செவ்ரோலே இந்தியாவில் விற்பனையை 2017-ல் நிறுத்தியது. சென்னை மறைமலைநகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. எண்டெவர் மாதிரி வண்டிகள் ஓட்டுவதற்கு அருமை என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒரு ஸ்பேருக்காக வாரக்கணக்கில் வண்டி ஷெட்டில் நிற்க, வீட்டில் வேறு வண்டி இல்லை என்றால் அந்த விலைக் குறைவு பெரிதாகத் தெரியாது.

பெயர் மாற்றம்: இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்

ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்று இருப்பது நம் ஊர் வழக்கம். சட்டம் வாங்கியவருக்குக் கொடுக்கும் அவகாசம் 30 நாள். விற்றவரும் தன் பங்குக்கு ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே மாநிலம் என்றால் 14 நாள், வேறு மாநிலம் என்றால் 45 நாள். விபத்து நடந்தால் ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்றவர் தலையில் விழும் பொறுப்பு அது. வாங்கியவருக்கு வேறு சிக்கல்: இன்சூரன்ஸ் பழையவர் பெயரிலேயே இருந்தால், சொந்த வண்டிக்கு ஆன சேதத்துக்குக் க்ளைம் கேட்கும்போது நிறுவனம் கைவிரிக்கலாம். 14 நாளுக்குள் பாலிசியைப் பெயர் மாற்றக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளர் சேர்த்துவைத்த நோ க்ளைம் போனஸ் அவருக்குத்தான் சொந்தம், வண்டியோடு வராது. பிரீமியத்தில் அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

வண்டியைக் கையில் வாங்கும் நாளில் தேதி மட்டுமல்ல, நேரத்தையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அன்று காலை வரை விழுந்த இ-சலான் விற்றவருடையது, அதற்குப் பிறகு விழுவது வாங்கியவருடையது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகையும் அங்கேயே முடித்துவிடச் சொல்ல வேண்டும். அது பழைய உரிமையாளரின் கணக்கோடு இணைந்தது. அவர் அதை மூடாதவரை அந்த வண்டிக்குப் புது டேக் எடுப்பதும் இழுத்தடிக்கும்.